கோடைக்கு வந்தவர்களும் குடியிருப்பவர்களும்

மெட்ராஸ் துரைமார் ஊட்டிக்கு வழி கண்டுபிடிப்பதற்கு முன்பு, வெயிலுக்கு ஒதுங்கிய இடங்களில் ஒன்று எண்ணூர். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் புகைபோக்கியும் சாம்பல் குட்டையும் கன்டெய்னர் லாரி வரிசையும்தான் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அது வேறு ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் வணிகர்களும் கோட்டையிலிருந்து வடக்கே கிளம்பிப் போய், கடலுக்கும் கழிக்கும் நடுவில் நீண்டு கிடந்த மணல்வெளியில் பங்களா போட்டுத் தங்கினார்கள். கிழக்கே வங்கக் கடல். மேற்கே கொசஸ்தலையாறு வந்து பரவும் உப்பங்கழி. பாய்மரப் படகு விடுவதற்கும் தூண்டில் போடுவதற்கும் அலையில்லாத தண்ணீர். கழியில் எடுத்த மீனும் ஆளியும் அவர்களுடைய விருந்து மேஜைக்குப் போயின.

அங்கே போய்வர வழியும் பிறந்தது. கம்பெனி ஊழியரும் கப்பற்படைக்கு உணவுப் பொருள் வழங்கும் ஒப்பந்தத்தில் பெரும்பணம் சேர்த்தவருமான பேசில் காக்ரேன், 1801-ல் தொடங்கி 1806-க்குள் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைலுக்கு ஒரு கால்வாய் வெட்டினார். விறகும் கரியும் உப்பும் அதில் வந்தன. சுங்கம் வசூலிக்கும் குத்தகையைக் கம்பெனியே அவருக்குக் கொடுத்தது. 1837-ல் அரசாங்கம் கால்வாயைத் தன் வசம் எடுத்துக்கொண்டு வடக்கே நீட்டியது. 1877-78 பஞ்ச காலத்தில் கஞ்சிக்கு வேலை செய்ய வந்த மக்களை வைத்து நகரத்துக்குள் எஞ்சியிருந்த துண்டையும் வெட்டி இணைத்தார்கள். அன்றைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. இன்று மணலியின் எண்ணெய்க் கழிவு கழிக்கு வந்து சேர்வதும் இதே கால்வாய் வழியாகத்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கோடை பங்களாக்கள் நின்ற நிலம் யாருடையது என்ற கேள்வியை அன்றைக்கு யாரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. கம்பெனியின் வருவாய்க் கணக்கைப் பொறுத்தவரை, ஏர் ஓடாத நிலம், வரி கட்டாத நிலம், ஆகவே சர்க்கார் நிலம். வலை உலர்த்திய மணலும், கட்டுமரம் இழுத்து வைத்த மேடும், கருவாடு காயவைத்த திட்டும் அந்தக் கணக்கில் எதுவுமே இல்லை. 1805-ல் மெட்ராஸ் மாகாணத்தில் உப்பு அரசாங்கத்தின் ஏகபோகம் ஆனபோது அத்திப்பட்டு, வள்ளூர் பக்கத்து உப்பளங்களும் அந்தப் பிடிக்குள் போயின. சர்க்கார் நினைத்தால் கால்வாய்க்குக் கொடுக்கும், உப்புக்குக் கொடுக்கும், துரையின் ஓய்வுக்குக் கொடுக்கும். அங்கேயே பிறந்து அங்கேயே தொழில் செய்து அங்கேயே புதைக்கப்பட்ட மீனவனுக்கு மட்டும் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. அவன் ஏற்கெனவே அங்கே இருந்துகொண்டிருந்தான் என்பதே காரணம். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வடசென்னைக் கடற்கரையின் நிலக்கணக்கு இந்த இடத்தில்தான் நிற்கிறது. இந்தக் கட்டுரை பேச விரும்புவதும் அதைத்தான்.

துரைமாரின் மோகம் மலைக்கு மாறியது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரிக்கு ஏறினார்; சில ஆண்டுகளில் உதகமண்டலத்தில் கல் பங்களா எழுந்தது; பிறகு மாகாண அரசாங்கமே கோடையில் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குப் போனது. எண்ணூர் மெல்ல மெல்ல விடுமுறை நாள் உலாவுக்கு மட்டும் வருகிற இடமாகச் சுருங்கியது. பங்களாக்கள் இற்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இருந்த குப்பங்கள் இற்றுப்போகவில்லை. நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், எண்ணூர்க்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் என்று ஆற்றையும் கடலையும் ஒட்டி இன்றும் இருக்கின்றன.

கடல் அரித்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். மெட்ராஸ் துறைமுகத்தின் சுவர்கள் 1876-லிருந்து கடலுக்குள் எழும்பத் தொடங்கின. நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை போட்டு அதற்கு மெரினா என்று பெயரும் சூட்டினார். வடக்கே மணல் வரத்து நின்றது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் உள்ளே வரத் தொடங்கியது. நூறாண்டுகளில் பல நூறு மீட்டர் கரை போயிற்று. தெருக்கள் போயின, கோயில்கள் போயின, வலை உலர்த்தும் மேடு போயிற்று. திருவொற்றியூரில் பட்டினத்தார் ஒடுங்கிய இடத்தருகே நின்று கிழக்கே பார்த்தால், கடலுக்கும் ஊருக்கும் நடுவே கொட்டிக் கிடக்கும் கருங்கற்களைப் பார்க்கலாம். தென்சென்னைக்கு உலாவுவதற்கு மணல் கொடுத்த அதே சுவர்தான் வடசென்னையின் மணலை எடுத்தது. மெரினாவில் காற்று வாங்கும் லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பள்ளிப் பாடத்தில் இடம்பெற வேண்டிய செய்தி இது.

மணலை இழந்த கரைக்குக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய கரையில் கட்டுமரம் ஏற்ற முடியாது. ஃபைபர் படகை இழுத்து வைக்க இடமில்லாமல், எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரத்திலேயே வலையை விரித்துப் பழுது பார்க்கிறார்கள். ஒரு பக்கம் கல், மறுபக்கம் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரி. இடையில் இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு துண்டு நடைபாதை. அதில் உட்கார்ந்து, கால் கட்டை விரலில் வலைக் கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியால் முடிச்சுப் போடுகிறார் ஒரு பெரியவர். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் கையை நிறுத்திவிட்டுத் தூசி அடங்கக் காத்திருக்கிறார். கடற்கரைப் பொதுநிலம் என்று காகிதத்தில் சொல்லப்படுவதில் அவருக்கு மிஞ்சிய பங்கு அவ்வளவுதான்.

விடுதலைக்குப் பிறகு வந்த அரசுகளும் இந்தக் கரையைக் காலி இடமாகவே பார்த்தன. எண்ணூரில் மோட்டார் வாகனத் தொழிற்சாலை, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, மணலியில் 1960-களின் கடைசியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதையடுத்து உர ஆலையும். இவை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன என்பதை மறுப்பவன் அல்ல நான். மாத்தூர், மணலி, எர்ணாவூர் பக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஷிப்ட் சைரனைக் கேட்டு வளர்ந்த ஒரு வீட்டையாவது பார்க்கலாம். ஆனால் தொழிற்சாலைக்கு நிலம் தேவைப்பட்டபோது அரசு எடுத்த வழி எப்போதும் ஒன்றே: கழியும் கரையும் உப்பளமும் தரிசு, ஆகவே எடுத்துக்கொள்ளலாம்.

1970-ல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. 1990-களில் கழியின் வடகரையில் வடசென்னை அனல்மின் நிலையம் வந்தது; பிறகு வள்ளூரில் 1,500 மெகாவாட் நிலையம். 2001-ல் எண்ணூர் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அது காமராஜர் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் தனியார் துறைமுகம் கட்டப்பட்டபோது ஒரு மீனவக் குப்பமே இடம் மாற்றப்பட்டது. 2018-ல் கைமாறிய அந்தத் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் இன்னும் அந்தக் கரையின் தலைக்கு மேல் நிற்கிறது.

சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை என்பதுதான் வேதனை. 1991 பிப்ரவரியில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. அதன்படி 1996-ல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் எண்ணூர்க் கழியின் சுமார் 6,500 ஏக்கர், கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்கு வேறொரு வரைபடம் கொடுக்கப்பட்டது. அதில் அந்தக் கழியையே காணவில்லை. ஒரு ஆற்றின் முகத்துவாரத்தைக் காகிதத்திலிருந்து அழித்துவிட முடியும் என்று காட்டிய நிகழ்ச்சி அது. டி.எம்.கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ 2017 ஜனவரியில் எண்ணூரில் படமாகி வெளிவந்தபோது நகரத்தின் ஒரு பகுதி முதன்முறையாக வடக்கே திரும்பிப் பார்த்தது. அதே மாதம் 28-ஆம் தேதி, துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியாலும் கையாலும் அள்ளினார்கள். அள்ளியவர்களில் மாணவர்களும் மீனவர்களும்தான் அதிகம்.

கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் மாத்தூருக்கும் இந்தக் கழிக்கும் என்ன தொடர்பு என்று அங்குள்ள எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில் இருப்பவர் கேட்கலாம். மழைக்காலத்தில் அவருக்கே பதில் தெரிந்துவிடும். புழல் ஏரி நிரம்பித் திறக்கும் உபரிநீர், வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் போக வேண்டும். பூண்டியிலிருந்து கொசஸ்தலையாற்றில் வருகிற வெள்ளமும் அங்கேதான் வடிய வேண்டும். அந்த வாய் சாம்பலாலும் மணல் திட்டாலும் அடைபட்டால் தண்ணீர் பின்னால் ஏறும். 2021 நவம்பரில் மணலி புதுநகர் மூழ்கியதை நாம் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியின் எண்ணெயையும் அடித்துக்கொண்டு பக்கிங்காம் கால்வாய் வழியே கழிக்குப் போனது. வீட்டுச் சுவர்களில் கருங்கோடு, வலையில் பிசின், அலையாத்திச் செடிகளின் வேர்களில் மினுக்கும் கறுப்பு. அந்த மாதம் முடிவதற்குள் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரே மாதத்தில் புயல், எண்ணெய், அமோனியா. கரை நோயில் விழுந்தால் உள்ளூரும் சேர்ந்து படுக்கும். ஆகவே அந்தக் கழியைத் தூர்க்காமல் காப்பவன் மாத்தூருக்கும் சேர்த்தே காக்கிறான்.

அப்படிக் காப்பது யார்? கழியின் ஆழமும் நீரோட்டமும் மணல் நகர்வும் தினமும் தெரிந்தவர்கள் குப்பத்துக்காரர்கள்தான். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, சேற்றில் கையைத் துழாவி எறா தடவும் பெண்களைப் பாருங்கள். கழுத்துக்கு மேல்தான் தண்ணீருக்கு வெளியே தெரியும். ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, அகப்பட்ட எறாவைப் பறிக்குள் போட்டபடி மணிக்கணக்கில் போவார்கள். சேற்றில் சாம்பல் கலந்தால் முதலில் தெரிவது அந்த விரல் நுனிகளுக்கு, தோல் அரிக்கும். எண்ணெய் கலந்தால் முதலில் தெரிவது அந்த வாய்க்கு. எந்தக் கண்காணிப்புக் கருவியும் இவ்வளவு அருகில் இல்லை. வடக்கே பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்பதை ஊர் கூடிக் குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்கிறது. பொதுநீரைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ள அரசாங்கம் கற்றுத்தர வேண்டிய தேவை இல்லாத மக்கள் இவர்கள்.

இவர்களுக்கு அரசு தந்த ஆவணம் என்ன? சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச் 30 அன்று, தமிழக அரசு 172-ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புதிய வீடு கிடைக்கும். ஆனால் பழைய இடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். உயிர்ப் பாதுகாப்பு என்ற நோக்கில் தவறு காண முடியாது. நடைமுறையில் அது தொழிலிடத்தை விட்டுக்கொடுக்கும் கையெழுத்தாகவே ஆயிற்று. திருவொற்றியூர் கார்கில் நகரில் தார்த்தாள் கொட்டகைகளில் மழையையும் வெயிலையும் பார்த்த குடும்பங்கள், பிறகு எர்ணாவூர் அடுக்குக் குடியிருப்புகளுக்குப் போயின. மூன்றாம் மாடியில் வலையை எங்கே வைப்பது, ஐஸ் பெட்டியை எங்கே வைப்பது, விடியற்காலை மூன்று மணிக்குக் காற்று எப்படி அடிக்கிறது என்று எங்கிருந்து பார்ப்பது? கடலைப் பார்த்து முடிவெடுக்கும் தொழில் அது. கரையில் இருக்கிற வீடு அந்தத் தொழிலின் ஒரு கருவி.

இதே காலத்தில் இலங்கையில் நடந்ததும் நமக்குப் பாடம். சுனாமிக்குப் பிறகு அங்கே தெற்கில் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டர் என்று குடியிருக்கக் கூடாத பகுதி அறிவிக்கப்பட்டது. சுற்றுலா விடுதிகளுக்கு மட்டும் விலக்கு. தமிழரும் முஸ்லிம்களும் அதிகம் வாழும் கிழக்குக் கரையில் அந்த வேறுபாடு ஆழமான காயத்தை உண்டாக்கியது. போர் முடிந்தபின் பாசிக்குடாவில் வரிசையாக விடுதிகள் எழுந்தபோது, படகு ஏற்றி வைக்கும் கரைக்காக அங்கத்து மீனவர்கள் கெஞ்சிப் போராட வேண்டியிருந்தது. கடல் கொல்லும் என்றால் விடுதியில் தூங்குபவரையும் கொல்லும். பாதுகாப்பு என்ற காரணம் ஏழையின் வீட்டுக்கு மட்டும் பொருந்துமானால், அது பாதுகாப்புக்காகச் சொன்ன காரணம் அல்ல.

கேரளத்தில் நீதிமன்றம் வேறு வழி காட்டியது. ஆலப்புழை மாவட்டத்தில் வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்து என்ற தீவில், 54 வில்லாக்கள் கொண்ட கேப்பிகோ உல்லாச விடுதி எழுந்தது. அந்தத் தீவைச் சுற்றி ஊன்றுவலை போட்டுப் பிழைத்த மீனவர்கள், தங்கள் வலைகள் அழிக்கப்பட்டன என்று வழக்குத் தொடுத்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2013-ல் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2022 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது. விடுதியைத் திறக்க விடாமல் செய்தது ஓர் ஊன்றுவலை. கடலோர ஒழுங்குமுறைச் சட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பொதுநிலத்தில் கோடைக்குடில் என்ற விஷயத்தை வெளிநாடுகள் எப்படிக் கையாண்டன என்பதையும் பார்ப்போம். கலிஃபோர்னியாவில் கிரிஸ்டல் கோவ் என்றொரு கடற்கரை வளைவு. 1920-களிலும் 30-களிலும் ஒரு பெரிய பண்ணை முதலாளியின் நிலத்தில், மரப்பலகையும் கூரையும் போட்டுச் சாதாரணக் குடும்பங்கள் கட்டிக்கொண்ட 46 குடில்கள். 1979-ல் மாநில அரசு அந்த நிலத்தைப் பூங்காவுக்காக வாங்கியது. குடில்களும் மரபுச் சின்னப் பட்டியலில் ஏறின. குடியிருந்தவர்கள் குத்தகையில் தொடர்ந்தார்கள். 1990-களில் அரசு அந்த இடத்தை ஒரு சொகுசு விடுதி நிறுவனத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட்டபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். ஒப்பந்தம் 2001-ல் பணம் கொடுத்து முடித்துக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டில் பழைய குடியிருப்பாளர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. 2006-லிருந்து யார் வேண்டுமானாலும் முன்பதிவு செய்து, அந்தக் கரையின் விலைக்கு மிகக் குறைந்த வாடகையில் தங்கலாம். பரம்பரையாக அனுபவித்தவர்களுக்கு அது வலித்தது. அந்த வலி உண்மையானது. ஆனாலும் அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். அவர்களுக்குக் கடல் விடுமுறை. பொதுநிலத்தில் ஒருவரின் விடுமுறை எல்லோரின் விடுமுறையையும் தடுக்கக் கூடாது.

ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குத் தெற்கே தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கடற்கரைக் குடில்கள் இன்னொரு மாதிரி. பெரும் பொருளாதார மந்தக் காலத்தில் சுரங்கத் தொழிலாளர்களும் வேலை இழந்தவர்களும் தகரமும் பலகையும் சுமந்து போய்க் கட்டியவை. பூங்கா நிர்வாகம் பல காலம் அவற்றை அகற்றவே முயன்றது. 2012-ல் அவை மாநில மரபுச் சின்னம் ஆயின. உழைப்பாளிகளின் ஓய்வுக்கும் வரலாறு உண்டு என்று ஒரு அரசு ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் இந்த இரண்டு இடத்திலும் காப்பாற்றப்பட்டது கட்டடம். மரபுச் சட்டம் சுவரின் வயதைத்தான் எண்ணும். எங்கள் பக்கத்துக் குப்பத்தில் எந்தச் சுவருக்கும் வயது கிடையாது. புயல் ஒன்றுக்குக் கூரை போகும், கடல் அரிப்புக்குத் தெருவே போகும், அடுத்த ஆண்டு சற்றுத் தள்ளி மறுபடி கட்டுவார்கள். ஊரின் வயது, எந்த மாதம் எந்த மீன் எங்கே வரும் என்ற அறிவிலும், முகத்துவாரத்து அம்மன் கோயிலிலும், இரண்டு குப்பங்களுக்கு நடுவே எல்லை எது என்ற வாய்மொழி ஒப்பந்தத்திலும் இருக்கிறது. ஐம்பது ஆண்டு நின்ற பலகை வீட்டுக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் உலகத்தில் உண்டு. பல தலைமுறை நின்ற குப்பத்துக்கு நம்மிடம் ஆக்கிரமிப்பு என்ற பட்டம் மட்டும் இருக்கிறது.

2019-ல் திருத்தப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கவில்லை. மக்கள்தொகை நெருக்கமான ஊரகக் கரைகளில் கட்டுமானம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைந்தது. சுற்றுலாவுக்கான தற்காலிகக் குடில்களை அலைக்கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளிக்கூட அமைக்கலாம். துரைமாரின் எண்ணூர் திரும்பி வருவதற்குக் கதவு திறந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை தொடங்கி உத்தண்டி தாண்டி, கடலுக்கும் தெருவுக்கும் இடையில் எழுந்த மதில்களைப் பார்த்தவர்களுக்கு அது எங்கே போய் முடியும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓய்வுக்காகக் கடற்கரை வேண்டும் என்பதை நான் சிறுமைப்படுத்தவில்லை. மாத்தூரிலும் மணலியிலும் கந்தகப் புகையை மூச்சில் வாங்கி வளரும் பிள்ளைகளுக்குக் கடல்காற்று மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. அவர்களுக்கு எர்ணாவூர் கரை பக்கம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலாற நடக்க மணல் வேண்டுமென்றால் பஸ் ஏறி மெரினாவுக்குப் போகிறார்கள். வடசென்னைக்கு மணலோடு கூடிய கடற்கரை வேண்டும். துறைமுகங்கள் தடுத்து வைத்திருக்கும் மணலை வடக்கே எடுத்துக் கொட்டுவது துறைமுகங்களின் செலவிலேயே நடக்க வேண்டும். ஓய்வுக்கு வருகிறவரும் வலை இழுக்கிறவரும் ஒரே மணலில் இருக்க முடியும் என்பதற்குக் காசிமேடும் நொச்சிக்குப்பமும் சாட்சி. வேலி போட்டால்தான் முடியாது.

பட்டா கொடுத்தால் நாளைக்கே ரிசார்ட்காரனுக்கு விற்றுவிடுவார்கள் என்பது அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் தடை. அந்த அச்சம் பொய்யல்ல. தெற்கே பல குப்பங்களில் நடந்திருக்கிறது. ஆனால் அதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2006-ன் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்பவருக்குத் தரும் உரிமை பிள்ளைக்குப் போகும், விற்க முடியாது. கிராமத்துக்குக் கூட்டு உரிமையும் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான குழு 2009-ல் கொடுத்த அறிக்கை, அதேபோல் கடலோர மீனவர்களுக்கும் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வரைவும் தயாரானது, அதோடு நின்றுபோனது. அறிவிக்கையை அமைச்சகம் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், தளர்த்தலாம்; 1991-லிருந்து எத்தனையோ முறை அப்படித்தான் நடந்திருக்கிறது. நாடாளுமன்றச் சட்டம் ஒன்றே மீனவரின் கரையை அந்தக் கையிலிருந்து வெளியே எடுக்கும்.

தில்லிக்காகக் காத்திருக்காமல் தமிழக அரசே செய்யக் கூடியதும் உண்டு. கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தோடு மீனவக் கிராமங்களின் எல்லை, தொழிலிடம், நீண்ட கால வீட்டுத் தேவை ஆகியவற்றையும் குறிக்க வேண்டும் என்பது அறிவிக்கையின் விதி. 2023-ல் வரைவு வரைபடங்களின் மேல் மாவட்டந்தோறும் கருத்துக் கேட்டபோது, இவை இல்லாத வரைபடத்துக்கு என்ன கருத்துச் சொல்வது என்று மீனவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. எந்த மேட்டில் வலை உலர்த்துகிறார்கள், எந்த வாய்க்காலில் படகு கட்டுகிறார்கள், எந்தச் சேற்றில் பெண்கள் எறா தடவுகிறார்கள் என்பது வரைபடத்தில் ஏறினால்தான், நாளைக்கு அங்கே சாம்பல் குழாயோ சரக்குக் கிடங்கோ வரும்போது எதிர்த்து நிற்க ஒரு காகிதமாவது கையில் இருக்கும்.

மாத்தூரில் நிலம் எடுத்து மனை பிரித்து, சம்பளக்காரக் குடும்பங்களுக்குப் பத்திரத்தோடு ஒதுக்கத் தெரிந்த அரசு இது. இங்கே செய்ததைக் கடற்கரையில் செய்யத் தெரியாது என்று சொல்ல முடியாது. குப்பங்களின் பட்டியலும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பில் ஊர் ஊராக, வீடு வீடாக, படகு படகாக இருக்கிறது. எண்ணூர்க் கழியின் தென்கரைக்குத் திருவொற்றியூர் வட்டாட்சியர் அலுவலகம், வடகரைக்குப் பொன்னேரி வட்டாட்சியர் அலுவலகம். இரண்டும் மீன்வளத் துறையோடு சேர்ந்து, 1996 வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குப்பத்தின் பஞ்சாயத்தாரையும் கூட அழைத்துப்போய் அளந்து, அதைக் கிராமத்தின் பெயரில் விற்க முடியாத பொது உரிமையாகப் பதிவு செய்ய வேண்டும். காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கோ வேறெந்தத் திட்டத்துக்கோ அடுத்த அனுமதிக் கோப்பு நகர்வதற்கு முன்னால் இந்த அளவை முடிந்திருக்க வேண்டும்.